ரோபோவின் கைப்பழக்கம்

ஓசூர், ஒரகடம் பக்கத்து உதிரிபாக ஆலைகளில் ஆயுத பூஜையன்று வெல்டிங் ரோபோவுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. வயதான ரோபோவைக் கழற்றிவிட்டுப் புதியதை நிறுத்துவதற்கும் அந்த மாதிரி விடுமுறைதான் வசதி. மற்ற நாளில் லைனை நிறுத்த யார் விடுவார்கள்?

வேலை என்னவோ எளிதாகத்தான் தோன்றும். தரையோடு பிணைத்த போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும், அதே கம்பெனியின் அதே மாடலை அதே இடத்தில் வைக்க வேண்டும், பழைய புரோகிராமை ஏற்ற வேண்டும். ஆனால் அப்படியே ஓடவிட்டால் டார்ச், அதாவது ஒட்டும் முனை, இரண்டு தகடுகள் சேரும் மூட்டிலிருந்து தள்ளிப் போய், வெறும் தகட்டின் மேல் கோடு போட்டுவிட்டு வரும்.

காரணம் இதுதான். சொன்ன இடத்துக்குச் சரியாகப் போவது ஒரு திறமை. ஒருமுறை போன இடத்துக்கே மறுபடி மறுபடி போவது வேறொரு திறமை. ரோபோ இரண்டாவதில் கெட்டிக்காரன். ஆர்க் வெல்டிங் (மின்பொறியால் வயரை உருக்கி ஒட்டும் முறை) ரோபோ லட்சம் முறை போனாலும் 0.1 மில்லிமீட்டருக்குள் அதே புள்ளிக்கு வந்து நிற்கும். முதல் திறமையில் ஒரு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பிசகலாம். ரோபோ கையில் மடங்கித் திரும்பும் ஆறு மூட்டுகள். ஒவ்வொன்றின் பூஜ்ஜிய நிலையிலும் துளி பிழை இருக்கும். அடி மூட்டில் 0.05 டிகிரி தவறு என்று வைத்துக்கொள்வோம். 1.4 மீட்டர் நீண்ட கையின் நுனியில் அது 1.2 மில்லிமீட்டர் ஆகிவிடும். வெல்டிங் வயரின் தடிமனே பல இடங்களில் அவ்வளவுதான்.

தகடுகளை அழுத்திப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிப் புள்ளி புள்ளியாக ஒட்டும் ஸ்பாட் வெல்டிங்கில் இது பெரிய தலைவலி இல்லை. 1969-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் தன் லார்ட்ஸ்டவுன் ஆலையில் கார் பாடிகளை ஸ்பாட் வெல்டிங் செய்ய ரோபோக்களை நிறுத்தியது. அங்கே புள்ளி கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் தகடு ஒட்டிவிடும். ஆர்க் வெல்டிங்கில் வயர் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே, உருகிய உலோகம் ஒரு தகட்டைப் பிடித்து மற்றதை விட்டுவிடலாம்.

அப்படியானால் பழைய ரோபோ எப்படி இத்தனை வருடம் சரியாக ஒட்டியது? அதற்குச் சொல்லிக்கொடுத்தவரை நினைத்துப் பாருங்கள். ரோபோவை நகர்த்தும் பட்டன் பலகையான பெண்டன்ட்டைக் கையில் பிடித்துக் குனிந்து, டார்ச்சை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, வயர் நுனி தகடுகள் சேரும் இடுக்கில் உட்காருவதைக் கண்ணால் பார்த்து பட்டனை அழுத்தியிருப்பார். அந்த நொடியில் ரோபோ பதிந்துகொண்டது தன் ஆறு மோட்டார்களும் நின்ற நிலையைத்தான். அந்தக் கையின் கோணல் எதுவாக இருந்தாலும் அதுவும் சேர்ந்தே பதிவாகிவிட்டது. ஹேண்டில் ஒரு பக்கம் இழுக்கிற பழைய வண்டியை ஓட்டுகிறவர் தன்னையறியாமல் எதிர்ப்பக்கம் அழுத்திப் பழகியிருப்பார். அதே அழுத்தத்தோடு புது வண்டியில் ஏறினால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும்.

போதாக்குறைக்கு, தகடுகளைப் பிடித்து வைக்கும் சட்டமான ஜிக்கின் பின்கள் தேய்ந்தபோது ஏதோ ஒரு நைட் ஷிஃப்ட்டில் யாரோ இரண்டு புள்ளிகளை லேசாகத் தள்ளி வைத்திருப்பார்கள். எந்த நோட்டிலும் அது இருக்காது. புரோகிராமில் மட்டும் இருக்கும்.

ஆகவே மாற்றும் வேலையில் முக்கியமான பகுதி பழையதைக் கழற்றுவதற்கு முன்பே நடக்கிறது. ஜிக்கின் மேல் மூன்று புள்ளிகளைக் குறித்து, பழைய ரோபோவின் வயர் நுனியால் அவற்றைத் தொட்டுப் பதிந்துகொள்கிறார்கள். புது ரோபோ வந்ததும், முதலில் ஒரு கூர்மையான ஊசியைப் பல கோணங்களிலிருந்து தொடவைத்து, அதன் டார்ச் நுனி எங்கே இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். பிறகு அதே மூன்று புள்ளிகளை அதுவும் தொடும். இரண்டு கைகளுக்கும் உள்ள வித்தியாசம் எண்களாகக் கிடைத்துவிடும். அதை வைத்து புரோகிராமின் எல்லாப் புள்ளிகளையும் மொத்தமாக நகர்த்தலாம். பழைய ரோபோவை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டி செத்த பிறகுதான் மாற்றுகிறோம் என்றால் இந்த வழி அடைபட்டுப்போகும். பெரும்பாலும் கைக்கு முன்னால் கன்ட்ரோலர்தான் போகிறது என்பது வேறு விஷயம். அதனால் ஓடுகிறபோதே மாற்றுவதுதான் புத்திசாலித்தனம் என்பேன், நிர்வாகம் முகம் சுளித்தாலும்.

நகர்த்திய பிறகும் மிச்சம் இருக்கும். அதைப் புள்ளி புள்ளியாகக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். மாடலும் மாறினால் இன்னொரு வம்பு: கையின் நாலாவது மூட்டின் அச்சும் ஆறாவது மூட்டின் அச்சும் ஒரே கோட்டில் வந்துவிடுகிற நிலை. அந்த இடத்தில் டார்ச்சைத் துளி திருப்பவே மணிக்கட்டு வெறிபிடித்த மாதிரி சுழல வேண்டியிருக்கும். ரோபோ அலாரம் அடித்து நின்றுவிடும். டார்ச்சின் கோணத்தைச் சில டிகிரி மாற்றித்தான் அதைத் தாண்டுவார்கள்.

வெளி இணைப்புகள் பற்றிச் சுருக்கமாக: லைனை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியோடு பேசும் சிக்னல்கள், கதவு திறந்தால் நிற்கும் ஏற்பாடு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மறுபடி சோதிக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது.

அப்புறம் பவர் சோர்ஸ், அதாவது வெல்டிங்குக்கு மின்சாரம் தரும் பெட்டி. பழைய தைரிஸ்டர் வகைப் பெட்டி போய்ப் புது இன்வெர்ட்டர் வகை வந்தால், அதே 200 ஆம்பியர், அதே வோல்ட் வைத்தாலும் ஆர்க் அதே மாதிரி எரியாது. பீட், அதாவது ஒட்டிய கோடு, பார்க்க வழவழவென்று அழகாக இருக்கும். அதை நம்பக் கூடாது. முதலில் ஒட்டிய துண்டை அந்தக் கோட்டின் குறுக்கே ரம்பத்தால் அறுத்து, பளபளப்பாகத் தேய்த்து, அமிலம் தடவுவார்கள். சில நொடிகளில் உருகி உறைந்த பகுதி மட்டும் தனி நிறத்தில் தெரியும். அது இரண்டு தகடுகளுக்குள்ளும் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அளந்து, வரைபடத்தில் கேட்ட அளவு வந்திருந்தால்தான் லைன் ஓடும்.

பழைய ரோபோ உடனே காயலான் கடைக்குப் போய்விடாது. பக்கத்து வெல்டிங் கூண்டில் அதே வயதில் அதன் தம்பி ஒன்று இன்னும் வேலையில் இருப்பான். அண்ணனின் மோட்டார்களும் போர்டுகளும் அவனுக்காக ஸ்டோரில் ஏறும்.