வி.எம்.: மாயமா, நிகரா?

தண்டையார்பேட்டையில் ஒரு மாவு மில்லுக்கு மேலே உள்ள அறையில் ஞாயிறுதோறும் நாலைந்து பிள்ளைகளுக்கு லினக்ஸ் இயங்குதளம் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே இருப்பது ஒரே ஒரு பழைய கணினிப் பெட்டி. 16 ஜிபி நினைவகம். அதில் பிராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு, ஆளுக்கொரு வி.எம். (வர்ச்சுவல் மெஷின், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளால் கட்டும் இன்னொரு கணினி) உருவாக்கிப் பழகுகிறார்கள். வியாசர்பாடியிலிருந்து வரும் பையன் ஒருவன் ஒரு நாள் மூன்று வி.எம். உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் 12 ஜிபி நினைவகம் எழுதிவிட்டான். மூன்றும் எழுந்தன. கொஞ்ச நேரம் ஓடவும் செய்தன. மூன்றிலும் தரவுத்தளத்தை ஏற்றியபோது ஒன்று சத்தமில்லாமல் செத்துப்போனது.

“ஏன்டா இவ்வளவு குடுத்தே?” என்றேன்.

“மாய மெஷினுதானேண்ணா, அதுக்கு எவ்ளோ குடுத்தா இன்னா?”

அவனைத் திட்டத் தோன்றவில்லை. பள்ளி அறிவியல் பாடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குள் தெரிவதை ‘மாய பிம்பம்’ என்று படித்தவன் அவன். ஆங்கில வழியில் படித்த பிள்ளைகளுக்கு அதுவே ‘வர்ச்சுவல் இமேஜ்’. ஆக, வர்ச்சுவல் என்றால் மாயம், வர்ச்சுவல் மெஷின் என்றால் மாய மெஷின். கணக்கு சரிதான், ஒளியியலுக்கு. அந்தப் பிம்பத்தைத் திரையில் பிடிக்க முடியாது, அதனால் மாயம் என்பது பொருந்துகிறது. கணினிக்கு வரும்போதுதான் அந்தச் சொல் ஆளைக் கவிழ்த்துவிடுகிறது.

வர்ச்சுவல் என்ற சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘விர்’ என்றால் ஆண். அதிலிருந்து ‘விர்த்துஸ்’: ஆண்மை, வீரம், பிறகு ஆற்றல், சிறப்பு. நம் ‘ஆண்மை’யும் இதே போலத்தான் பொருள் விரிந்து நிற்கிறது, பேராண்மை என்னும்போது மீசை நினைவுக்கு வருவதில்லை, திறம்தான் நினைவுக்கு வருகிறது. இடைக்கால லத்தீனில் ‘ஆற்றல் உடைய’ என்ற பொருளில் ‘விர்த்துவாலிஸ்’ உருவாகி, ஆங்கிலத்துக்குள் போய், மெல்ல மெல்ல ‘பெயரளவில் இல்லாவிட்டாலும் பயனளவில் அதுவே’ என்ற பொருளைப் பிடித்துக்கொண்டது. நாம் ‘பேருக்கு’ என்கிறோமே, அதற்கு நேர் எதிர். வீட்டு வரி ரசீதில் தாத்தா பெயர் இருக்கும். ஆனால் சம்பளக் கவர் போய்ச் சேர்வதும், கல்யாணப் பேச்சு முடிவாவதும் பாட்டியிடம். அந்த வீட்டின் வர்ச்சுவல் தலைவர் பாட்டி. அவரை மாயப் பாட்டி என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும்.

கணினிக்காரர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது 1960களை ஒட்டி. அப்போது ஒரு கணினி ஒரு கட்டடத்தின் விலை. அதைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ள வேண்டும், ஆனால் ஒவ்வொருவருக்கும் முழு இயந்திரமும் தன் கையில் இருப்பதுபோல் இருக்க வேண்டும். ஐபிஎம் நிறுவனத்தின் மாசசூசெட்ஸ் ஆய்வுக்கூடத்தில் சி.பி.-40 என்ற அமைப்பு 1967-ல் இதைச் செய்து காட்டியது. 1972-ல் வி.எம்./370 என்ற பெயரிலேயே விற்பனைக்கு அறிவித்தார்கள். 1974-ல் ஜெரால்டு போபெக், ராபர்ட் கோல்ட்பெர்க் இருவரும் எழுதிய கட்டுரையில் வரையறை வந்தது: உண்மை இயந்திரத்தின் வேகம் குன்றாத, தனித்து நிற்கும் இரட்டை. இதில் எங்கும் ‘மாயம்’ இல்லை.

தமிழில் இப்போது நிலைத்திருக்கும் சொல் ‘மெய்நிகர்’. யார் முதலில் வைத்தாரோ, நன்றாகவே வைத்திருக்கிறார். ‘நிகர்’ என்றால் ஒப்பு, சமம். நன்னூல் அடுக்கும் உவம உருபுகளில் போல, புரைய, ஒப்ப என்பவற்றோடு ‘நிகர’வும் உண்டு. (சங்கப் பாட்டில் ‘நிகர்மலர்’ என்று வந்தால் அது ஒளிவீசும் மலர். அது வேறு கதை. வங்கிக் கணக்கில் வரும் ‘நிகர லாபம்’ இன்னொரு கதை.) ஆக, மெய்நிகர் என்றால் மெய்க்கு ஒப்பானது. மெய் இல்லை என்று ஒப்புக்கொள்கிறது, பொய் என்றும் சொல்லவில்லை.

சந்தேகம் இருந்தால் ‘நிகர்நிலைப் பல்கலைக்கழகம்’ என்ற பலகையைப் பாருங்கள். 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், மூன்றாம் பிரிவு. பல்கலைக்கழகமாகப் பிறக்காத ஒன்றைப் பல்கலைக்கழகம்போல் கருதலாம் என்கிறது. அங்கே கட்டும் கட்டணம் மாயக் கட்டணமா என்று பெற்றோரைக் கேட்டால் தெரியும்.

‘மெஷின்’ என்ற பாதியில்தான் சண்டை. இயந்திரம் வடமொழி யந்திரம் என்பார் ஒருவர், ‘இயங்கு’ என்பதன் பிள்ளை என்பார் இன்னொருவர். நான் அந்தப் பஞ்சாயத்துக்குப் போவதில்லை. ‘எந்திரம்’ என்ற வடிவம் சங்க நூல்களிலேயே கரும்பு பிழியும் ஆலையாக நின்று இரைச்சல் போடுகிறது, அவ்வளவு பழையது. இன்னொரு பக்கம் ‘பொறி’. எலிப்பொறி, தீப்பொறி, பொறியியல் என்று அதற்கும் பல வேலை. எனக்குப் பிடித்தது பொறிதான், குறுகிய சொல், வாயில் உருளும். ஒரே ஒரு சிக்கல்: வி.எம்.மைத் தாங்கும் உண்மைப் பெட்டியை ‘மெய்ப்பொறி’ என்று சொல்லப் போனால் மாட்டிக்கொள்வோம். மெய், வாய், கண், மூக்கு, செவி என்று ஐம்பொறியில் முதலாவது அந்தப் பெயரில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் ‘பருநிலைப் பொறி’ என்றோ, சும்மா ‘பெட்டி’ என்றோ சொல்லிவிட்டுப் போகலாம். எழுதும்போது மெய்நிகர் பொறி, பேசும்போது வி.எம். என்பது என் பழக்கம்.

‘சர்வர்’ என்பதற்கு ‘வழங்கி’ இருக்கிறது. இட்லி கொண்டுவந்து வைப்பவரையும் சர்வர் என்று கூப்பிடும் ஊரில் அந்தச் சொல்லை விளக்கவே தேவையில்லை. ‘ஓபன் சோர்ஸ்’ திறமூலம். நிரலைத் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், திருப்பிப் பகிரலாம் என்ற உரிமை. பிராக்ஸ்மாக்ஸ் அப்படிப்பட்டது. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் மேல் கட்டி, 2008-ல் வெளியானது. உள்ளே வி.எம்.களை ஓட்ட உழைப்பது 2007-ல் லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் கருவில்) சேர்ந்த கே.வி.எம்.மும், 2003-ல் ஃபப்ரீஸ் பெல்லார்ட் என்ற நிரலாளர் வெளியிட்ட கியூஎமுவும். நிறுவும்போது தேர்ந்தெடுத்த வட்டு முழுவதையும் பிராக்ஸ்மாக்ஸ் துடைத்துவிடும். படம், பாட்டு எதையும் அதில் விட்டுவைக்காதீர்கள்.

இப்போது அந்தப் பையனின் 12 ஜிபிக்கு வருவோம். வி.எம்.முக்குள் ஓடும் கட்டளைகளில் பெரும்பாலானவை உண்மைச் செயலியில் நேரடியாகவே ஓடுகின்றன. நடுவில் நின்று யாரும் மொழிபெயர்ப்பதில்லை. அதற்கான வசதியை இன்டெல் 2005-லும் ஏ.எம்.டி. 2006-லும் செயலிக்குள்ளேயே வைத்தன. பல தாய்ப்பலகைகளில் அது பயாஸில் (பெட்டியை எழுப்பும் அடிப்படை நிரலில்) அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை இயக்காவிட்டால் வி.எம். எழும்ப மறுக்கும். முதல் வாரத்தில் எங்களுக்கு ஒரு மதியம் முழுக்க இதில்தான் போனது. நினைவகமும் அப்படியே. வி.எம். ‘பக்கம்’ எனப்படும் ஒரு நினைவகத் துண்டைத் தொட்டால் பெட்டியின் உண்மைச் சில்லில் ஒரு பக்கம் போகும். லினக்ஸின் கண்ணுக்கு ஒவ்வொரு வி.எம்.மும் ஒரு சாதாரண நிரல் ஓட்டம், அவ்வளவே. எழுதிக் கொடுத்த 36 ஜிபியை அது முன்கூட்டியே எடுத்து வைப்பதில்லை, தொடத் தொடத்தான் தருகிறது. அதனால்தான் மூன்றும் எழுந்தன. 16-ம் தீர்ந்தபோது கர்னல் பெருத்த ஓட்டமாகப் பார்த்து ஒன்றை முடித்துவிட்டது.

வட்டிலும் இதே கதை உண்டு. 100 ஜிபி வட்டு என்று வி.எம்.முக்குச் சொல்லிவிட்டு, எழுதிய அளவுக்கு மட்டும் இடம் தரும் முறை இருக்கிறது. சீட்டுக் கம்பெனி மாதிரி: எல்லோரும் ஒரே நாளில் பணம் கேட்காதவரை வண்டி ஓடும். மாயம் என்ற சொல்லுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டுமானால், இங்கே கொடுக்கலாம்.

இவை அனைத்தையும் நடத்தும் அடுக்குக்கு ‘ஹைப்பர்வைசர்’ என்று பெயர். இயங்குதளத்தின் கருவைப் பழைய காலத்தில் ‘சூப்பர்வைசர்’ என்றார்கள். அதற்கும் மேலே ஒன்று வந்தபோது ‘சூப்பர்’ போய் ‘ஹைப்பர்’ வந்தது. மீயொலி, மீயுரை வழியில் தமிழில் ‘மீமேற்பார்வையி’ என்று கட்டலாம். கட்டிவிட்டு யாரும் சொல்லப்போவதில்லை. எங்கள் வகுப்பில் அது ‘ஹவுஸ் ஓனர்’. (வூட்டுக்காரர் என்றால் எங்கள் பக்கம் புருஷன்.) உவமை பொருந்தித்தான் வருகிறது. வி.எம். என்பது தனிக் கதவு, தனி அடுப்பு, தனிக் குழாய் உள்ள போர்ஷன். ஒவ்வொன்றுக்கும் சொந்த கர்னல். கண்டெய்னர், அதாவது நிரல்களை மட்டும் பிரித்து வைக்கும் இன்னொரு முறை, ஒண்டுக்குடித்தனம். அறை தனி, குழாயும் முற்றமும் பொது. கர்னல் ஒன்றுதான். வாடகை குறைவு, ஆனால் குழாய் அடைத்தால் எல்லோருக்கும் அடைத்தது.

உள்ளே குடியிருக்கும் இயங்குதளத்தை ஆங்கிலத்தில் ‘கெஸ்ட்’ என்பார்கள். தமிழில் விருந்து. ‘விருந்து’ என்ற சொல்லின் முதற்பொருள் புதுமை; புதிதாக வந்தவர் விருந்தினர் ஆனார். ஓடிக்கொண்டிருக்கும் விருந்தை நிறுத்தாமலேயே ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாற்றலாம். நினைவகத்தை ஓடஓடவே நகலெடுத்து, கடைசி நொடியில் மட்டும் மூச்சை நிறுத்தி அங்கே எழுப்பும். இதற்கு ஆங்கிலத்தில் ‘லைவ் மைக்ரேஷன்’. நமக்குப் புதுச் சொல் எதற்கு? கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே.

எங்களிடம் இரண்டாவது கூடு இல்லை, அதனால் பாய்ச்சலை இன்னும் செய்து பார்க்கவில்லை. பையன் மூன்றுக்கும் 4 ஜிபி என்று மாற்றி, மிச்சம் 4-ஐ ஹவுஸ் ஓனருக்கு விட்டான். பிராக்ஸ்மாக்ஸ் தந்த 100, 101, 102 என்ற எண்களோடு காசிமேடு, கொருக்குப்பேட்டை, எண்ணூர் என்று பெயரும் வைத்தான். வாயில் மட்டும் இன்னும் ‘மாய மெஷின்’தான்.