சட்டியின் மூச்சு

கும்பகோணத்தில் மகாமகக் குளத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சைனீஸ் கடை இருந்தது. ஐந்து மேசை. சுவரில் தினசரி காலண்டர். மேசைக்கு ஒரு கிண்ணம், வினிகரில் ஊறிய பச்சை மிளகாய். போர்டில் டிராகன் என்று தொடங்கும் ஏதோ ஒரு பெயர் இருந்தது, ஆனால் அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. "சைனீஸ் கடை" என்றால் ஊரில் அது ஒன்றுதான். 2004-ல் திறந்தார்கள், 2019 கடைசியில் மூடினார்கள். இப்போது அங்கே செல்போன் கவர் விற்கிறார்கள்.

சாயங்காலம் ஆறரைக்கு டியூஷன் முடிந்து அந்தத் தெருவில் திரும்பினால் முதலில் சத்தம் கேட்கும். இரும்புச் சட்டியில் கரண்டி படும் "டங் டங்". அதற்கு அடுத்த நான்கு எட்டில் மணம். பூக்கடை மல்லியைத் தாண்டி, எண்ணெய் கருகுவதற்கு ஒரு நொடி முந்தி நிற்கிற ஒரு புகை மணம். உள்ளே போய் நான்கு பேர் நான்கு ஃபிரைட் ரைஸ் சொன்னால், நான்கும் சேர்ந்து ஒருநாளும் வராது. ஒன்று வரும், அப்புறம் ஒன்று வரும். அப்பாவுக்கு அது பிடிக்காது. "எல்லாருக்கும் ஒண்ணா கொடுக்கக் கூடாதா?" என்பார். மாஸ்டர் சிரிப்பார், பதில் சொல்ல மாட்டார்.

மாஸ்டர் நன்னிலம் பக்கத்துக்காரர். சிங்கப்பூரில் ஒரு சீனர் கடைக்குப் பாத்திரம் கழுவப் போனவர். பிறகு காய் நறுக்கினார். கடைசி மூன்று வருடம் சட்டி பிடித்தார். பன்னிரண்டு வருடம் கழித்து ஊர் திரும்பி இந்தக் கடையைப் போட்டார். கடை மூடியபோது நான் போய்ச் செய்முறை கேட்டேன். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். சோறு, எண்ணெய், முட்டை, வெங்காயத்தாள், சோயா சாஸ், மிளகுத்தூள், உப்பு. அவ்வளவுதான். அதைப் பார்த்து வீட்டில் பத்துப் பதினைந்து முறை செய்தேன். நல்ல சாப்பாடு வந்தது. அந்த மணம் வரவில்லை.

அவர் எதையும் மறைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அப்படியானால் வித்தியாசம் பொருளில் இல்லை, செய்கிற விதத்தில் இருக்கிறது. நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். விடை கிடைக்காமல் விட மனசு வரவில்லை.

அந்த மணத்துக்குக் கான்டனீஸ் மொழியில் "வாக் ஹெய்" என்று பெயர். வாக் என்பது சட்டி, ஹெய் என்பது மூச்சு. தெற்கத்திப் பக்கம் வாணலியையே சீனச்சட்டி என்பார்கள். இந்தக் கடலோரத்துக்கும் சீனத்துக்கும் உறவு பழையது. சோழர்கள் 11-ஆம் நூற்றாண்டிலேயே சீன அரசவைக்குத் தூதர்களை அனுப்பியிருக்கிறார்கள். நாகப்பட்டினத்தில் ஐரோப்பியர்கள் "சீனக் கோபுரம்" என்றழைத்த ஒரு செங்கல் கோபுரம் 1867 வரை நின்றது. சரி, சட்டிக்கு வருவோம்.

சோற்றிலிருந்தே தொடங்க வேண்டும். மாஸ்டர் அன்றைக்கு வடித்த சோற்றில் ஃபிரைட் ரைஸ் போடவே மாட்டார். பொன்னிப் பச்சரிசியை அரைப்பதம் தாண்டியதும் கஞ்சி வடித்து, அகலத் தட்டில் பரப்பி, ஃபேன் காற்றில் ஆறவிட்டு, ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் எடுப்பார். அரிசி வேகும்போது 60, 70 டிகிரி வாக்கில் மாவுச்சத்துத் துகள்கள் தண்ணீரைக் குடித்து வீங்கிக் குழைகின்றன. அமைலோஸ் என்கிற நீளச் சங்கிலி மூலக்கூறுகள் அவற்றிலிருந்து கசிந்து பருக்கையின் மேலே பசையாகப் படிகின்றன. கஞ்சியை வடிக்கும்போது அந்தப் பசையில் ஒரு பகுதி போய்விடும். மிச்சமிருப்பவை, சோறு ஆறியதும் ஒன்றோடொன்று வரிசைகட்டிச் சேர்ந்து இறுகுகின்றன. இந்த இறுக்கம் ஃபிரிட்ஜின் குளிரில், 4 டிகிரியை ஒட்டி, மிக வேகமாக நடக்கும். ஃபிரிட்ஜில் வைத்த இட்லி கல்லாகிறதே, அதே விஷயம்தான். இட்லிக்கு அது கேடு, ஃபிரைட் ரைஸுக்கு அதுதான் உயிர். பருக்கை மேலே உலர்ந்து, உள்ளே இறுகி, உதிரி உதிரியாக நிற்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய சோற்றுக்குச் செய்வதுபோல இந்தச் சோற்றை ராத்திரி முழுக்க வெளியே வைக்கக் கூடாது. பழைய சோறு தண்ணீரில் ஊறிப் புளிக்கிறது, அதில் வளரும் லாக்டிக் அமில பாக்டீரியா மற்ற கிருமிகளுக்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை. வெறுஞ்சோற்றுக்கு அந்தக் காவல் கிடையாது. பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. நம் ஊர் வெக்கையில் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும், அந்த நஞ்சு மறுபடி வறுத்தாலும் போகாது. 1970-களில் பிரிட்டனில் சைனீஸ் கடைகளில் ஃபிரைட் ரைஸ் சாப்பிட்டவர்களுக்கு வாந்தி வந்ததற்குக் காரணம் இதுதான். சோற்றைச் சீக்கிரம் ஆற்றி, சீக்கிரம் குளிரில் வைத்துவிட வேண்டும்.

பொன்னி என்றதும் இன்னொன்று. காவிரியின் பெயரைக் கொண்ட இந்த நெல்லின் மூதாதைகளில் ஒன்று தைவானின் தைச்சுங் 65. மலேயாவின் மயாங் எபோஸ் 80 என்ற நெல்லோடு அதைக் கலந்து உருவாக்கிய ரகத்தின் வழியில்தான் பொன்னி வந்தது. இதைப் படித்த அன்றே மாஸ்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

இனி நெருப்பு. வீட்டுச் சமையலும் கடைச் சமையலும் பிரிகிற இடம் இதுதான்.

தண்ணீர் இருக்கிற இடத்தில் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. கொடுக்கிற வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்கவே போகும். ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க 2,260 ஜூல் வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உள்ளுறை வெப்பம் என்று நடத்துகிறேனே, அதேதான். ஆனால் வறுத்த மணம் என்று நாம் சொல்வது 140 டிகிரியை ஒட்டித்தான் வேகம் பிடிக்கிறது. புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களாக மாறுகின்றன. 1912-ல் லூயி கமீய் மெயிலார்டு என்ற பிரெஞ்சு வேதியியலர் இதை விவரித்ததால் மெயிலார்டு வினை என்று பெயர். தோசையின் முறுகல், வறுத்த காப்பிக்கொட்டையின் வாசம், இரண்டிலும் இதுவே வேலை செய்கிறது. அதனால் கேள்வி ஒன்றுதான்: சோற்றின் மேலிருக்கும் ஈரத்தை எவ்வளவு வேகமாக விரட்ட முடிகிறது? விரட்டிவிட்டால் வறுவல். முடியாவிட்டால் சட்டிக்குள் நீராவிக் குளியல். வீட்டில் எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது இரண்டாவது. சோறு வறுபடாமல், சூடான உப்புமாவைப் போல ஆகிவிடும்.

ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வீட்டில் நான்கு பேருக்கு 800 கிராம் சோறு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அறைச் சூட்டுக்கு வந்த சோற்றை 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 200 கிலோஜூல் வேண்டும். அதிலிருந்து 80 கிராம் தண்ணீரை விரட்ட இன்னும் 180. மொத்தம் 380. வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் சுமார் 2 கிலோவாட். அதில் சட்டிக்குள் போய்ச் சேருவது 1.3 என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட ஐந்து நிமிடம் ஆகிறது. ஐந்து நிமிடம் ஆவியில் கிடந்த சோறு குழையாமல் என்ன செய்யும்?

மாஸ்டரின் அடுப்பு வேறு ஜாதி. நீல நிற 19 கிலோ சிலிண்டர், ஹை பிரஷர் பர்னர். வீட்டு ரெகுலேட்டர் வாயுவை 30 மில்லிபார் அழுத்தத்துக்கு அடக்கித்தான் விடும், கடை அடுப்பில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. இப்படிப்பட்ட அடுப்புகள் 20 கிலோவாட்டைச் சாதாரணமாகத் தாண்டும். பாதிக்கு மேல் ஓரத்தில் வீணாகப் போனாலும், ஒரு பிளேட் சோற்றின் ஈரத்தை அரை நிமிடத்தில் விரட்டிவிடலாம். (கடை அடுப்பின் ரெகுலேட்டரை வாங்கி வீட்டு அடுப்பில் மாட்டலாமா என்று என் தம்பி கேட்டான். கூடவே கூடாது. வீட்டு பர்னரும் டியூபும் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல.)

ஆனால் அவ்வளவு நெருப்பில் சோறு ஏன் கருகவில்லை? கருகவிடாமல் வைத்திருந்தது அவருடைய கை.

2020-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹங்டாங் கோ, டேவிட் ஹூ என்ற இருவர் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தொழில்முறைச் சமையல்காரர்கள் ஐந்து பேர் ஃபிரைட் ரைஸ் புரட்டுவதைப் படம் பிடித்து, அந்த அசைவைச் சமன்பாடாக எழுதிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு புரட்டுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு நொடி. பார்ப்பதற்குச் சட்டியைத் தூக்கி வீசுவதுபோல இருக்கும், உண்மையில் சட்டி அடுப்பை விட்டு விலகுவதே இல்லை. அடுப்பின் விளிம்பில் சாய்ந்தபடி இரண்டு அசைவுகள் நடக்கின்றன. ஒன்று, முன்னே தள்ளிப் பின்னே இழுப்பது. மற்றது, சீசா பலகைபோல மேலும் கீழுமாகச் சாய்ப்பது. இரண்டுக்கும் தாளம் ஒன்றுதான், ஆனால் பாட்டின் எடுப்பு தள்ளி வருவதுபோல ஒன்று மற்றதை விடச் சற்றுப் பிந்தி வரும். அந்தச் சிறு பிந்தல்தான் சோற்றைக் காற்றில் எழுப்புகிறது. எழும்பிய பருக்கை ஒரு கணம் ஆறும், மேலிருக்கும் ஈரத்தை உதறும், திரும்பச் சூட்டில் விழும். ஒவ்வொரு பருக்கையும் இரும்பைத் தொட்டுத் தொட்டு விலகுவதால் வறுபடுகிறது, கருகுவதில்லை.

புரட்டும்போது இன்னொன்றும் நடக்கும். சட்டியின் விளிம்பைத் தாண்டிப் பொடிப்பொடியாக எண்ணெய்த் துளிகள் தெறிக்கும். கீழிருந்து ஏறி வரும் சுடர் அவற்றைப் பற்றிக்கொள்ளும். கடை வாசலிலிருந்து பார்த்தால் சட்டிக்குள் ஒரு விநாடி தீ எழுந்து அடங்கும். எரிந்த அந்தத் துளிகளின் புகைமணம் சோற்றில் படிகிறது. தெருமுனையில் என்னை நிறுத்திய மணத்தில் பாதி இதுதான். மீதி, வருடக்கணக்கில் பழகிய இரும்பு. எண்ணெய் சூட்டில் இறுகி, மெல்லிய கறுப்புப் படலமாக இரும்போடு ஒட்டிக்கொள்கிறது. பாட்டி காலத்துத் தோசைக்கல்லில் மாவு ஒட்டாமல் எழும்புகிறதே, அதற்கும் அந்தப் படலம்தான் காரணம். நான்ஸ்டிக் சட்டியை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது, பூச்சு சிதைந்துவிடும்.

ஊரில் பலர் அந்த ருசிக்கெல்லாம் காரணம் அஜினோமோட்டோ என்றார்கள். 1908-ல் டோக்கியோவில் கிகுனே இகேதா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த குளுட்டமேட்டின் உப்பு அது. அதே குளுட்டமேட் பழுத்த தக்காளியிலும் தாய்ப்பாலிலும் இருக்கிறது. அது நாக்குக்குத் தெரிகிற சுவை. நான் தேடியது மூக்குக்குத் தெரிகிற மணம். ஒன்றை வைத்து மற்றதைக் கொண்டுவர முடியாது.

மாஸ்டர் கடையை மூடியது வியாபாரம் இல்லாமல் அல்ல. தோள். ஒரு பிளேட்டுக்கு அறுபது புரட்டு, ஒரு மாலைக்கு எண்பது பிளேட் என்று வைத்தால்கூட நாளைக்கு 4,800 முறை. இரும்பும் சோறுமாக இரண்டு கிலோ. அதைப் பதினைந்து வருடம் ஒரே கை தாங்கியது. சைனீஸ் சமையல்காரர்களுக்குத் தோள்வலி பரவலாக வருவதை அந்த ஆய்வாளர்களும் குறிப்பிட்டிருக்கிறார்கள். அசைவைச் சமன்பாடாக்கினால் தோளுக்குத் துணை செய்யும் கருவிகள் செய்யலாம் என்பது அவர்கள் எண்ணம். அப்படி ஒன்று 2019-ல் நம் ஊரில் கிடைத்திருந்தால் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

போன தை மாதம் நன்னிலத்துக்குப் போய் அவரைப் பார்த்தேன். வலது கையைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. காப்பி கொடுத்தார். என் கணக்கை எல்லாம் சொல்லி, வீட்டு அடுப்பில் வழியே இல்லையா என்று கேட்டேன்.

"நாலு பேருக்கு ஒண்ணா போடுறீங்களா தம்பி?"

"ஆமா மாஸ்டர்."

"அப்படிப் போட்டா எங்க அடுப்புலயே வராது. ஒரு ஆளுக்குப் போடுங்க. சட்டி நல்லாக் காயட்டும், புகை கிளம்பறப்போ எண்ணெய் விடுங்க. முடிச்சுத் தட்டுல கொட்டிட்டு, திரும்பச் சட்டியைக் காய வைங்க. அப்புறம் அடுத்த ஆளு."

பஸ்ஸில் திரும்பும்போதே கணக்குப் போட்டேன். ஒன்றரைக் கிலோ இரும்புச் சட்டியை 250 டிகிரிக்குக் காய வைத்தால், அது 100 டிகிரிக்கு இறங்கும்வரை கொடுக்கக்கூடிய வெப்பம் ஏறத்தாழ 110 கிலோஜூல். ஒரு ஆளுக்குக் கொஞ்சம் தாராளமாக 300 கிராம் சோறென்றால்கூடத் தேவை 140. அடுப்பு தர வேண்டிய மிச்சம் முப்பதே கிலோஜூல், அதாவது அரை நிமிடத்துக்கும் குறைவு. நெருப்பில் இல்லாத பலத்தை இரும்பு முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொள்கிறது.

ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுச் செய்தேன். சுடர் சட்டிக்குள் எழும் அந்தப் புகைமணம் இல்லை, அதை வீட்டுக்குள் முயற்சி செய்யவும் கூடாது. ஆனால் வறுபட்ட மணம் வந்தது. பருக்கை உதிர்ந்து, ஓரம் சிவந்து நின்றது. முதல் தட்டை அப்பாவிடம் கொடுத்தேன். "உங்களுக்கெல்லாம் எங்கடா?" என்று கேட்டார். வரும் அப்பா, ஒவ்வொன்றாகத்தான் வரும் என்று சொல்லிவிட்டுச் சட்டியை மறுபடி காய வைத்தேன்.