எதிரியின் உயிரைக் கூட்டினால் ஆட்டம் கடினமாகிவிடுமா?

துப்பாக்கி ஆட்டங்களுக்கு பேலன்ஸ் பார்ப்பது என் வேலை. எதிரிக்கு எவ்வளவு உயிர், எந்தப் பெட்டியில் எத்தனை குண்டு என்று நாள் முழுக்க எண்களோடு மல்லுக்கட்டுவேன். அதில் நானே சொதப்பிய கதை இது.

திறந்த உலகில் சுற்றித் திரிந்து, கிடைப்பதை வைத்துப் பிழைத்திருக்க வேண்டிய சர்வைவல் ஷூட்டர் ஒன்று. முதல் பகுதியில் எதிரிக்கு உயிர் 100. கைத்துப்பாக்கிக் குண்டுக்கு 25 டேமேஜ், தலையில் பட்டால் நாலு மடங்கு, ஒரே குண்டில் ஆள் காலி. இரண்டாம் பகுதி சப்பென்று இருக்கிறது என்றார்கள். அங்கே உயிரை 200 ஆக்கினேன். மாற்றியது அந்த ஓர் எண்ணைத்தான். பிளேடெஸ்டுக்கு, அதாவது ஆட்டத்தை ஆடிப் பார்த்துச் சோதிக்க வந்தவர் புதருக்குள் பதுங்கி, நிதானமாகக் குறிபார்த்து, நெற்றியில் சுட்டார். எதிரி லேசாகத் தள்ளாடிவிட்டு அவர் மேலேயே பாய்ந்தான். கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்: "பட்டுச்சுல்ல?"

பட்டதுதான். முதல் பகுதி முழுக்க அவர் பழகிய வித்தையை நான் செல்லாக்காசாக்கியிருந்தேன். ஒவ்வொரு எதிரிக்கும் இரட்டிப்புக் குண்டு செலவு, பெட்டிகளில் கிடைப்பதோ பழைய கணக்கு. கொஞ்ச நேரத்தில் சண்டையே வேண்டாமென்று, ஏற்கெனவே போன இடங்களில் பெட்டி பெட்டியாகத் துழாவ ஆரம்பித்துவிட்டார். எங்கள் பதிவில் அவர் செத்தது இரண்டே இரண்டு முறை. தாளில் அவ்வளவு அழகான ஆட்டம்!

2015-இல் வந்த ஃபாலவுட் 4-இல் மறு ஆண்டு சேர்த்த சர்வைவல் முறையைப் பாருங்கள். எதிரியின் அடியும் பலம், உங்கள் அடியும் பலம். குண்டுக்கும் எடை உண்டு. சேவ் செய்யப் படுக்கை தேட வேண்டும். வாசலைத் தாண்டுமுன் யோசிக்க வைப்பதுதான் அங்கே கஷ்டம். 2012-இல் மோடாக, அதாவது வேறோர் ஆட்டத்தை மாற்றியமைத்த வடிவமாகத் தொடங்கிய டேஇசட்டில் லெவலே கிடையாது. செத்தால் கிட்டத்தட்ட வெறுங்கையோடு கடற்கரையில் எழுவீர்கள், கிணறு எங்கே என்ற நினைவு மட்டும் மிஞ்சும்.

இன்னொரு வகைக் கஷ்டம் கேட்பது திறமையை அல்ல, உங்கள் தூக்கத்தை. பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் ரஸ்ட்டில் நீங்கள் வெளியேறினாலும் உங்கள் பாத்திரம் அங்கேயே படுத்துக் கிடக்கும். கட்டிய கோட்டையை யாரும் வந்து உடைக்கலாம். இப்படிப்பட்ட ஆட்டங்களில் விழித்திருக்கும் நேரம்தான் பலம், அதில் பெரிய கூட்டத்தோடு தனியாள் போட்டி போட முடியாது. நள்ளிரவில் அலாரம் வைத்து எழுந்து கோட்டையைப் பார்த்துவிட்டுத் தூங்கியவர்கள் எங்கள் குழுவிலேயே உண்டு. "எனக்குத் திறமை போதவில்லை" என்று வேறு அவர்கள் நொந்துகொள்வார்கள்.

ஆகவே சர்வரைத் தேர்ந்தெடுக்கும்போது குழுவுக்கு எத்தனை பேர் வரம்பு என்று பாருங்கள். தனியாட்களுக்கென்றே சர்வர்கள் இருக்கின்றன. எப்போது வைப் ஆகிறது, அதாவது கட்டியதையெல்லாம் அழித்து உலகம் புதிதாகத் தொடங்குகிறது என்றும் பாருங்கள். ரஸ்ட்டில் மாதத்தின் முதல் வியாழக்கிழமை கட்டாய வைப் நடக்கும்; அதையொட்டிச் சேர்ந்தால் எல்லாரும் கையில் ஒரு கல்லும் தீப்பந்தமுமாகத்தான் தொடங்குவார்கள். இரண்டு வாரம் கழித்துப் போனால், அதே கல்லோடு நீங்கள் ராக்கெட் லாஞ்சருக்கு எதிரே நிற்க வேண்டிவரும்.