லைசென்ஸ் இருக்கிறது, சரி. சுடலாம் என்று உங்களுக்கு யார் சொன்னது?

"முறையாக லைசென்ஸ் வாங்கியிருக்கிறேனே சார், பிறகு எப்படி என்மேல் வழக்குப் போடலாம்?"

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அண்மையில் கேட்டவர் நிலத்தரகுத் தொழில் செய்பவர். விதிப்படி விண்ணப்பித்து .32 ரிவால்வர் வாங்கியவர். அதுவரை அவர்மீது ஒரு சின்னப் புகார்கூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வாசலை மறித்து வண்டியை நிறுத்திவிட்டார் என்று வாய்த்தகராறு. இவர் இடுப்பிலிருந்த ரிவால்வரை எடுத்துக் காரின் பானட்மீது வைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்திருக்கிறார். "நீட்டவில்லை, சுடவில்லை, சும்மாதான் வைத்தேன்" என்கிறார். எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ செல்போனில் எடுத்த காட்சியில் அவர் வைப்பதும் தெரிகிறது, வைத்தபடி சொன்னதும் கேட்கிறது. கொலை மிரட்டல் வழக்கு பதிவாகிவிட்டது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவில், கொன்றுவிடுவதாக மிரட்டினால் 7 ஆண்டு வரை சிறை. ரிவால்வரைப் போலீசார் கைப்பற்றிவிட்டார்கள். உரிமத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கேட்டு நோட்டீசும் வந்துவிட்டது.

ஆயுத உரிமம் தொடர்பான மனுக்கள், மறுக்கப்பட்டால் மேல்முறையீடு, வழக்கானால் ஜாமீன் என்று இந்த மூன்று கட்டத்திலும் மக்களைப் பார்க்கும் வழக்கறிஞன் நான். தற்காப்புக்குத் துப்பாக்கி வேண்டும் என்று வருகிறவர்களை நான் குறைவாக நினைப்பதில்லை. கொலை வழக்கில் கண்ணால் கண்டதைச் சாட்சி சொல்லிவிட்டு, ஜாமீனில் வெளிவந்தவன் தன் தெருவிலேயே தினமும் வண்டியில் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு வாழ்கிறவர் வந்திருக்கிறார். விவாகரத்துக்குப் பிறகும் ஆசிட் ஊற்றிவிடுவதாகத் தொடர்ந்து மிரட்டப்பட்ட பெண் வந்திருக்கிறார். ஊருக்கு வெளியே தோட்டத்து வீட்டில் தனியாக வசிக்கும் முதிய தம்பதி வந்திருக்கிறார்கள். இவர்களுடைய பயம் நியாயமானது. "போலீஸ் பார்த்துக்கொள்ளும்" என்று ஒற்றை வரியில் இவர்களைத் திருப்பி அனுப்ப யாருக்கும் உரிமை இல்லை.

என் கோபமெல்லாம் மற்றவர்கள் மீது. தொழில் கூட்டாளி வாங்கிவிட்டார், கட்சியில் பொறுப்பு வந்துவிட்டது, திருமண வீட்டுக்குப் போனால் ஒரு மரியாதை இருக்கும் என்று வருகிறார்கள். இவற்றையெல்லாம் விண்ணப்பத்தில் எழுத முடியாது என்பது தெரிந்து, "உயிருக்கு ஆபத்து" என்று இரண்டு சொல்லில் முடித்துக்கொள்கிறார்கள். யாரால் ஆபத்து, எப்போதிலிருந்து, எங்கே புகார் கொடுத்தீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. அதற்குப் பதிலாக நிலப் பத்திரங்களையும் வருமான வரிக் கணக்கையும் ஒரு கட்டாகக் கட்டி எடுத்து வருகிறார்கள். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 14-ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது. அச்சுறுத்தலுக்கு ஆதாரம் உள்ள ஒரு சாதாரணக் குடும்பத்துப் பெண்ணின் மனு, ஆதாரமில்லாத கோடீஸ்வரரின் மனுவைவிட வலுவானது.

உண்மையான காரணம் உள்ளவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். முதல் மிரட்டல் வந்த அன்றே காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். குரல் பதிவு, குறுஞ்செய்தி எதையும் அழிக்காதீர்கள். தேதிவாரியாக ஒரு தாளில் எழுதி வையுங்கள். மாவட்டத்தில் ஆட்சியரிடம், சென்னையில் காவல் ஆணையரிடம் விண்ணப்பம் போகும். அவர்கள் காவல்துறை அறிக்கை இல்லாமல் முடிவெடுக்கமாட்டார்கள். அந்த அறிக்கை எழுதுகிறவர் உங்கள் பெயரைத் தேடும்போது நிலையத்தின் பதிவேட்டில் ஏதாவது இருக்க வேண்டுமல்லவா? பழைய வழக்கு ஏதேனும் இருந்தால் மறைக்காதீர்கள். விடுதலையாகியிருந்தாலும் எழுதுங்கள். மறைத்து வாங்கிய உரிமத்தை ஆயுதச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் எந்த நாளும் ரத்து செய்யலாம்.

வயது 21, மருத்துவச் சான்று, 2016 விதிகள் கேட்கும் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று ஆகியவை எல்லாருக்கும் தெரிந்தவை. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும். ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. இவற்றில் யாரும் பெரிதாகத் தடுமாறுவதில்லை.

தடுமாறுவதெல்லாம் ஒரே இடத்தில். "வீட்டுக்குள் நுழைந்தால் சுடலாம்." இதை எத்தனை படித்தவர்கள் சொல்லிக் கேட்டுவிட்டேன்! அமெரிக்காவில் இருக்கும் மகன் சொன்னான், வீடியோவில் பார்த்தேன் என்பார்கள். அங்கே 1791-இல் சேர்த்த இரண்டாவது திருத்தம் ஆயுதம் வைத்திருப்பதை அரசியலமைப்பு உரிமையாக ஆக்கியிருக்கிறது. தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கியை வெளியில் எடுத்துச் செல்வதும் அந்த உரிமைக்குள் வரும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. பல மாநிலங்களில் வீட்டுக்குள் புகுந்தவனைச் சுடுவதற்குத் தனிப் பாதுகாப்பும் உண்டு. அது அந்த நாட்டுச் சட்டம். நம் அரசியலமைப்பில் அப்படியோர் அடிப்படை உரிமை கிடையாது. உரிமமில்லாத துப்பாக்கிகள் பற்றிய வழக்கொன்றில் 2023-இல் நம் உச்ச நீதிமன்றமே அமெரிக்காவை ஒப்பிட்டு இதைச் சொல்லிவிட்டது.

கவனமாகப் படியுங்கள். துப்பாக்கி உரிமம் என்பது அந்த ஆயுதத்தை வைத்திருக்க அனுமதி. எப்போது சுடலாம் என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அதைத் தீர்மானிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான தற்காப்புப் பிரிவுகள். கையில் ரிவால்வர் இருப்பவருக்கும் உலக்கை இருப்பவருக்கும் அவை ஒன்றுதான். உரிமம் வாங்கியதால் உங்கள் தற்காப்பு உரிமை ஒரு அங்குலமும் கூடவில்லை.

எதிராளியின் உயிரே போகலாம் என்ற அளவுக்குத் தற்காத்துக்கொள்ளும் உரிமை எப்போது வரும் என்று 38-ஆம் பிரிவு பட்டியலிடுகிறது: மரணமோ கொடுங்காயமோ நேரும் என்ற நியாயமான அச்சம், பாலியல் வன்முறை, கடத்தல், ஆசிட் வீச்சு போன்றவை. சொத்தைக் காப்பதற்கு 41-ஆம் பிரிவு. அதில் கொள்ளை உண்டு. சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்துப் புகுவது உண்டு. வீட்டுக்குத் தீ வைப்பது உண்டு. வெறும் திருட்டு இல்லை. திருட்டோடு உயிர் பயமோ கொடுங்காய பயமோ நியாயமாகச் சேர்ந்தால்தான் உண்டு. தென்னந்தோப்பில் தேங்காய் பறித்துக்கொண்டிருப்பவனைச் சுட்டுவிட்டு "என் சொத்து" என்று நீதிமன்றத்தில் சொல்ல முடியாது. துரத்தலாம், பிடிக்கலாம், தேவையான பலத்தைப் பயன்படுத்தலாம். உயிரை எடுக்க முடியாது. இவை எல்லாவற்றுக்கும் மேலே 37-ஆம் பிரிவு நிற்கிறது: காவல்துறையின் உதவியை நாட நேரம் இருந்தால் இந்த உரிமையே இல்லை; தேவைக்கு மிஞ்சிய தீங்கும் கூடாது.

இதில் பெரும்பாலோர் விழும் குழி, அச்சம் முடிந்த பிறகு சுடுவது. அரிவாளோடு வந்தவன் உங்கள் கையில் துப்பாக்கியைப் பார்த்துத் திரும்பி ஓடுகிறான். அவன் திரும்பிய கணத்தில் உங்கள் உயிருக்கான ஆபத்து நீங்கிவிட்டது. அதோடு உரிமையும் முடிந்துவிட்டது. ஆத்திரத்தில் அதன் பிறகு சுடும் ஒரு தோட்டா போதும். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் குண்டு நுழைந்த காயம் எங்கே என்று நான் முதலில் பார்ப்பேன். நுழைந்த காயத்தின் விளிம்பு பொதுவாக உள்நோக்கி மடங்கியிருக்கும், சுற்றிலும் சிராய்ப்பு வளையம் இருக்கும். நெருக்கத்தில் சுட்டிருந்தால் தோலில் வெடிமருந்துத் துகள்கள் புள்ளிபுள்ளியாகப் பதிந்திருக்கும். காயம் முதுகில், துகள் எதுவும் இல்லை என்று மருத்துவர் எழுதியிருந்தால், "என்மேல் பாய்ந்தான்" என்ற வாதத்தை எந்த மூத்த வழக்கறிஞர் வந்தாலும் தூக்கி நிறுத்துவது கடினம். நல்லெண்ணத்தோடு எல்லை மீறினீர்கள் என்று நீதிமன்றம் ஏற்றால் கொலைக் குற்றம், கொலையாகக் கருதப்படாத மரணம் விளைவித்தலுக்கான 105-ஆம் பிரிவுக்கு இறங்கலாம். அதுவும் ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய பிரிவுதான்.

நீதிமன்றங்கள் இரக்கமில்லாதவை என்று நான் சொல்லவரவில்லை. 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், தாக்கப்படுகிறவர் தராசில் நிறுத்து அளந்து திருப்பி அடிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது என்றது. பயந்து ஓடித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை என்றது. தற்காப்புக்காகச் சுட்டவர்கள் விடுதலையாகியிருக்கிறார்கள். ஆனால் அது தற்காப்புதான் என்று காட்டும் பொறுப்பு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 108-ஆம் பிரிவின்படி உங்களுடையது. விடுதலையாகும் நாள்வரை நீங்கள் குற்றம்சாட்டப்பட்டவர். கைது, ஜாமீன், தடய அறிவியல் கூடத்து அறிக்கைக்காகக் காத்திருப்பு, வாய்தாவுக்கு மேல் வாய்தா. சட்டம் உங்கள் பக்கம் இருக்கும்போதே இவ்வளவும் உண்டு. இதைத் தெரிந்துகொண்டும் வேண்டும் என்கிறவருக்குத்தான் நான் மனு எழுதுகிறேன்.

வாங்கிவிட்டவர்களுக்குச் சில வார்த்தைகள். பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள் இருக்க வேண்டும், வெளியே தெரியக் கூடாது. எடுத்துக் காட்டி மிரட்டுவது தற்காப்பு ஆகாது. மேலே சொன்ன நிலத்தரகரைப் பாருங்கள். குடிக்கப்போகும் இடத்துக்கு எடுத்துச் செல்லவே செல்லாதீர்கள். காரின் டேஷ்போர்டில் வைத்துவிட்டுக் கடைக்குள் போகாதீர்கள். திருடு போனால் அது யார் கைக்குப் போகும் என்று யோசியுங்கள். கல்யாணத்திலும் திருவிழாவிலும் வானத்தைப் பார்த்துச் சுடுவது 2019 முதல் தனிக் குற்றம்: 2 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மேலே போன தோட்டா யார் தலையிலாவது கீழே இறங்கும். தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கச் சொன்னால் முறுக்கிக்கொள்ளாமல் ஒப்படையுங்கள். விமான நிலையம் போகும் முன் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பாருங்கள். மறந்துபோன ஒரு தோட்டாவுக்காக அங்கே இரவு முழுக்க உட்கார்ந்திருந்தவர்களுக்கு நான் வாதாடியிருக்கிறேன்.

பயிற்சி எடுங்கள். சான்றிதழுக்காக ஒரு முறை சுட்டுவிட்டு ஐந்து ஆண்டு பீரோவில் பூட்டி வைத்த ரிவால்வர், பைக்கில் பின்னால் வந்து வெட்டுகிறவனிடமிருந்து யாரையும் காப்பாற்றாது. 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு 2014-இல் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது; எடை சுமார் அரைக் கிலோ, விலை அப்போதே 1.22 லட்சம் ரூபாய். அதை விசாரித்து வந்த பெண்களிடம் நான் கேட்டது: தாக்குகிறவன் முதலில் பிடுங்குவது கைப்பையைத்தானே, துப்பாக்கி எங்கே இருக்கும்? உறையிலிருந்து சில நொடிகளில் எடுக்கப் பழகாதவர், உரிமம் தேவைப்படாத மிளகு ஸ்ப்ரேயைக் கையிலும் அவசர உதவி எண் 112-ஐ நினைவிலும் வைத்திருப்பது மேல்.

உரிமத்துக்கு அலைவதைவிட வெளிமாநிலத்திலிருந்து ஒன்று வரவழைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவரைக் கிட்டச் சேர்க்காதீர்கள். உரிமமில்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, 5 ஆண்டு வரை சிறை. தடை செய்யப்பட்ட வகையாக இருந்தால் 7 முதல் 14 ஆண்டு. மிரட்டப்பட்டவர் நீங்கள், ஜெயிலுக்குப் போகிறவரும் நீங்களாகவே இருப்பீர்கள்.

கடைசியாக, வீட்டைப் பற்றி. துப்பாக்கியைப் பூட்டி வையுங்கள், தோட்டாக்களை வேறு இடத்தில் தனியாகப் பூட்டி வையுங்கள், சாவி உங்களிடம் மட்டும் இருக்கட்டும். குழந்தைகளுக்கு இடம் தெரியாது என்று நம்பாதீர்கள். வீட்டின் எல்லா இடமும் அவர்களுக்குத் தெரியும். இன்னொன்றைத் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் விண்ணப்பம் போடும்போது யாரும் இதை நினைப்பதில்லை. வெளியாளுக்காக வாங்கிய துப்பாக்கி வீட்டாரின் மேலேயே திரும்பிய வழக்குகள் என் அலமாரியில் இருக்கின்றன. கடன் நெருக்கடி, தேர்வுத் தோல்வி, மகப்பேறுக்குப் பின் வந்த மனச்சோர்வு என ஒவ்வொன்றிலும் ஒரு காரணம். மற்ற வழிகளில் முயன்றவர்களில் பலர் பிழைத்து, பிறகு நல்லபடியாக வாழ்கிறார்கள். துப்பாக்கியால் முயன்றவர்கள் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

உங்கள் வீட்டில் யாராவது சில நாட்களாகச் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், பேசாமல் இருந்தால், அல்லது உங்களுக்கே அப்படி இருந்தால், துப்பாக்கியை உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடம் பாதுகாப்புக்காக ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். உரிமம் போய்விடுமோ என்று பயப்படாதீர்கள். நிலைமை சரியானதும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் வாருங்கள். அந்தக் கடிதத்துக்கு நான் கட்டணம் வாங்குவதில்லை.