மைக் மார்ஷலின் கையும் உங்கள் பையனின் கையும்

அமெரிக்காவில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். பேஸ்பால் சீசன் தொடங்கினால் முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது என்று வரும் பையன்கள் அதிகம். எத்தனை பந்து வீசினான் என்று கேட்டால், "அவன் ரிலீஃப் பிட்சர்தானே, இருபதைத் தாண்டாது" என்பார்கள் பெற்றோர்.

அந்த இருபதை நான் நம்புவதில்லை. முதலில் வீசியவருக்குப் பதிலாகப் பாதியில் இறங்குபவர்தான் ரிலீஃப் பிட்சர். இறங்குவதற்கு முன்பே மைதானத்து ஓரத்தில், புல்பென்னில், வீசித் தயாராக வேண்டும். சில நாள் தயாராகி, உட்கார்ந்து, மறுபடி எழுந்து வீசி, கடைசியில் கூப்பிடாமலே ஆட்டம் முடிந்துவிடும். ஸ்கோர் புத்தகத்தில் அன்று பூஜ்யம். கைக்கு அப்படி இல்லை.

இந்த வேலையில் மைக் மார்ஷல் தனி ரகம். 1974-இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்காக 106 ஆட்டங்களில் இறங்கினார், அதில் 13 தொடர்ச்சியாக. அந்தச் சாதனை இன்னும் முறியவில்லை. ஆண்டின் சிறந்த பிட்சருக்குத் தரும் சை யங் விருதை வாங்கிய முதல் ரிலீஃப் பிட்சரும் அவரே. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உடலியக்கவியலில் டாக்டர் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் ஃப்ளோரிடாவில் பிட்சர்களுக்குத் தன் முறையில் பயிற்சி கொடுத்தார். அப்படி வீசினால் கைக்குக் காயமே வராது என்று வாதாடினார். பெரிய லீக் அணி எதுவும் அவரைக் கோச்சாக வைத்துக்கொள்ளவில்லை.

உடம்பைப் படித்துவிட்டுக் கற்றுக்கொடுத்தவர் என்பதால் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் கையை அளவுகோலாக வைக்க மாட்டேன். அதே ஆண்டு, அதே அணியில்தான் டாமி ஜான் என்ற பிட்சரின் முழங்கை லிகமென்ட், அதாவது எலும்புகளை இணைக்கும் நார், அறுந்தது. டாக்டர் ஃபிராங்க் ஜோப் அவருடைய இன்னொரு கையிலிருந்து தசைநாண் எடுத்து வைத்துச் சரிசெய்தார். 1976-இல் திரும்பி வந்த ஜான் 1989 வரை ஆடினார். இதைக் கேட்டுவிட்டு, "அந்த ஆபரேஷன் செய்தால் வேகம் கூடுமாமே?" என்று விசாரிக்கும் அப்பாக்களும் உண்டு. அதனால் வேகம் கூடிவிடாது. ஓராண்டுக்கு மேல் ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

சிறுவர் பிட்சர்களுக்கு அமெரிக்காவில் வகுத்த பிட்ச் ஸ்மார்ட் விதிப்படி 11, 12 வயதில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 85 பந்து. 66-ஐத் தொட்டால் 4 நாள் ஓய்வு. இதெல்லாம் ஆட்டத்தில் வீசியவை மட்டும். புல்பென் வீச்சு இதில் சேராது. அதனால் அதைத் தனியாக எழுதி வையுங்கள். இரண்டு அணிகளில் ஆடுகிறான் என்றால் இரண்டு கோச்சுகளுக்கும் அந்தக் கணக்கைச் சொல்லுங்கள், ஒருவருக்கு மற்றவர் கணக்கு தெரியாது. பிட்சராக வீசிய ஆட்டத்திலேயே, பந்தைப் பிடித்துத் திருப்பி எறியும் கேட்சராகவும் நிற்க விடாதீர்கள்.

வலி மாத்திரை கொடுத்து இறக்கவே கூடாது. வளரும் வயதில் லிகமென்ட்டைவிட எலும்பு வளரும் இடமான வளர்ச்சித் தட்டுதான் முதலில் பாதிக்கப்படும். உள்முழங்கையில் வலி, கை முழுதாக நீளாமை, சுண்டுவிரலிலும் மோதிர விரலிலும் மரமரப்பு என்று எது இருந்தாலும், அடுத்த ஆட்டம் ஃபைனலாகவே இருந்தாலும், வீசுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.