ஒரு குழாய் ரத்தத்தில் அல்சைமர் தெரியுமா?

அல்சைமர் நோய்க்கு ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது என்ற செய்தி வாட்ஸப்பில் சுற்ற ஆரம்பித்ததிலிருந்து என் தோழி ஒருத்தி கேட்டுக்கொண்டே இருக்கிறாள், நாமும் எடுத்துப் பார்த்துவிடலாமா என்று. அவள் அம்மாவுக்கு 71 வயது. ஆறேழு மாதமாகச் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார், போன வாரம் பேத்தியின் பெயரே சட்டென்று வாயில் வரவில்லை. தோழிக்கு 43. அம்மாவுக்கும் தனக்கும் சேர்த்துத்தான் கேட்கிறாள். அந்தப் பரிசோதனை எதை அளக்கிறது என்று தெரியாமல் அதன் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதைப் பேச ஒரு வரி போதாது.

1906-இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர்கள் கூட்டத்தில் அலாய்ஸ் அல்சைமர் ஒரு பெண்ணைப் பற்றிப் பேசினார். ஆகுஸ்டே டீட்டர் என்ற அந்தப் பெண் 1901-இல் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர், அப்போது அவருக்கு வயது 51 தான். அவர் இறந்த பிறகு மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன: நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிவுகள், உள்ளே முறுக்கிக்கொண்ட நூல் சிக்கல்கள். வெளியே படிவது பீட்டா அமிலாய்டு என்ற புரதம், உள்ளே சிக்குவது டாவ் என்ற புரதம் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். இன்றைக்கும் இந்த இரண்டும் இருந்தால்தான் அது அல்சைமர். இதில் கொடுமை என்னவென்றால், ஏறக்குறைய நூறு வருடம் இந்த இரண்டையும் உறுதியாகப் பார்க்க ஆள் இறந்தாக வேண்டியிருந்தது. உயிரோடு இருப்பவரிடம் கேள்வி கேட்டு, கடிகாரம் வரையச் சொல்லி, வீட்டாரை விசாரித்து, மருத்துவர் ஒரு முடிவுக்கு வருவார். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு, மன அழுத்தம், தூக்க மாத்திரை, மூளையின் சின்ன ரத்தக் குழாய்களில் அடைப்பு என்று மறதிக்கு எத்தனையோ காரணங்கள் இருக்கும்போது இது எவ்வளவு கஷ்டமான வேலை!

முதல் திறப்பு ஸ்கேனில் வந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கிளங்க், செஸ்டர் மேத்திஸ் இருவரும் அமிலாய்டில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு கதிரியக்கப் பொருளை உருவாக்கினார்கள். 2002-இல் ஸ்வீடனின் உப்சாலாவில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தி பெட் ஸ்கேனில் படிவுகளைப் பார்த்தார்கள். இன்னொரு வழி, முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுத்துப் பார்ப்பது. நோய் வந்தால் அந்த நீரில் டாவ் கூடும், அமிலாய்டு 42 என்ற வகை குறையும். மூளையில் அமிலாய்டு சேரும்போது நீரில் எப்படிக் குறையும் என்று எனக்கும் முதலில் குழப்பமாகத்தான் இருந்தது. ஏரியிலேயே வண்டல் படிந்துவிட்டால் வாய்க்காலில் தெளிந்த தண்ணீர்தானே வரும், அப்படித்தான் இதுவும். ஆனால் பெட் ஸ்கேனுக்கு ஆகும் செலவு அதிகம், முதுகில் ஊசி என்றாலே பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

சரி, ரத்தத்தில் பார்க்கலாமே? அங்கேதான் சிக்கல். மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது, மூளையிலிருந்து கசிந்து வருவது மிகக் கொஞ்சம். நாம் தேடுகிற டாவ் வகை ஒரு மில்லி ரத்தத் திரவத்தில் சுமார் ஒரு பிகோகிராம், அதாவது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு, பல நேரம் அதற்கும் குறைவு. அதே ஒரு மில்லியில் ஆல்புமின் என்ற சாதாரணப் புரதம் 40 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். கணக்குப் போட்டால் 4000 கோடி மடங்கு வித்தியாசம்! அத்தனை ஆல்புமினுக்கு நடுவில் இந்த ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

டாவ் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். நரம்பணுவின் நீண்ட வாலுக்குள் நுண்குழாய்கள் ஓடுகின்றன, சரக்குப் போக்குவரத்தே அவற்றின் வழியாகத்தான். கட்டடம் கட்டும்போது மூங்கில் சாரத்தைக் கயிறு போட்டு இறுக்குவார்களே, அந்தக் கயிறு மாதிரி நுண்குழாய்களைப் பிடித்து வைப்பது டாவ். அதன் மிக நீளமான வடிவத்தில் 441 அமினோ அமிலங்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் சில இடங்களில் பாஸ்பேட் வந்து ஒட்டுவதும் கழல்வதும் இயல்பாக நடப்பதுதான். நோயில் அது அளவுக்கு மீறிப்போகிறது, கயிறு தளர்கிறது. 217-ஆம் இடத்தில் இருக்கும் த்ரியோனின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஒட்டிய டாவைத்தான் பி-டாவ் 217 என்கிறார்கள். இதன் விசேஷம், மூளையில் அமிலாய்டு சேரச் சேர நரம்பணுக்கள் இந்த வகையை அதிகமாக வெளியே விடுகின்றன, அதுவும் ஸ்கேனில் டாவ் சிக்கல்கள் பரவலாகத் தெரிவதற்கு முன்பே. அதாவது ரத்தத்தில் அளப்பது டாவை, அது சொல்வது பெரும்பாலும் அமிலாய்டைப் பற்றி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த டாவைப் பிடிப்பதற்கு இரண்டு ஆன்டிபாடிகள், அதாவது குறிப்பிட்ட ஒன்றை மட்டும் தேடிப்போய்க் கவ்வும் புரதங்கள், வேண்டும். ஒன்று பாஸ்பேட் ஒட்டிய 217-ஆம் இடத்தைக் கவ்வும், மற்றொன்று அதே டாவின் வேறொரு பகுதியைக் கவ்வும், இரண்டும் சேர்ந்து கவ்வினால்தான் கணக்கு. ஆனால் பழைய முறையில் மொத்தக் கரைசலின் பிரகாசத்தை அளந்தார்கள், இவ்வளவு குறைவான புரதம் அதில் தெரியவே தெரியாது. 2010-இல் டேவிட் வால்ட்டும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட யோசனை இதை மாற்றியது. ரத்தத்தில் இருக்கும் புரதத் துகள்களைவிட அதிக எண்ணிக்கையில் ஆன்டிபாடி பூசிய நுண்ணிய காந்த மணிகளைப் போடுகிறார்கள், அதனால் ஒரு மணியில் ஒரு துகள் ஒட்டும் அல்லது ஒன்றுமே ஒட்டாது. பிறகு ஒரு குழிக்கு ஒரு மணி என்று 2 லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்குழிகளில் அடக்குகிறார்கள். துகள் ஒட்டிய மணி இருக்கும் குழி மட்டும் ஒளிரும். இரவில் ஒரு ஊரை மலைமேலிருந்து பார்த்து மொத்த வெளிச்சம் எவ்வளவு என்று கேட்காமல், எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று ஒவ்வொன்றாக எண்ணுவது போல. நாலு விளக்கு எரிந்தாலும் தப்பாது. இதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. 2020-இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆஸ்கர் ஹான்சனும் மற்றவர்களும் சுமார் 1400 பேரின் மாதிரிகளைப் பார்த்தார்கள். அவர்களில் கொலம்பியாவில் பரம்பரையாக இளம் வயதிலேயே அல்சைமர் வரும் ஒரு பெரிய குடும்பத்தாரும் இருந்தார்கள். அந்தக் குடும்பத்தில் நோயைக் கொண்டுவரும் மரபணு மாற்றம் உள்ளவர்களின் ரத்தத்தில் பி-டாவ் 217 மறதி தொடங்கும் வயதுக்குச் சுமார் 20 வருடம் முன்பே ஏற ஆரம்பித்திருந்தது. 2024-இல் ஸ்வீடனிலேயே நினைவாற்றல் பற்றிய புகாரோடு வந்த 1213 பேரிடம் நடந்த ஆய்வில், அல்சைமரா இல்லையா என்று குடும்ப மருத்துவர்கள் 61 சதவீதம் சரியாகச் சொன்னார்கள், மறதி நோய் நிபுணர்கள் 73 சதவீதம், ரத்தப் பரிசோதனை சுமார் 90 சதவீதம். நிபுணர்களிடமே நாலில் ஒருவருக்குத் தவறான பதில் கிடைத்திருக்கிறது என்றால், நம் ஊரில் இதுவரை எத்தனை வீடுகளில் தவறான பெயரோடு மாத்திரை சாப்பிட்டிருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

2025 மே மாதம் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஃபுஜிரெபியோ நிறுவனத்தின் பரிசோதனைக்கு அனுமதி கொடுத்தது. இது குழிகளை எண்ணும் முறையைப் பயன்படுத்துவதில்லை, வேதி ஒளியை அளக்கிறது. ஆனால் ஒரு நல்ல தந்திரம் வைத்திருக்கிறது. பி-டாவ் 217-ஐ அமிலாய்டு 42-ஆல் வகுக்கிறார்கள். நோயில் மேலே இருப்பது ஏறும், கீழே இருப்பது இறங்கும், அதனால் விகிதத்தில் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். 499 மாதிரிகளில் சோதித்தபோது, 'உண்டு' என்று வந்தவர்களில் 91.7 சதவீதம் பேருக்கு ஸ்கேனிலோ தண்டுவட நீரிலோ அமிலாய்டு உறுதியானது, 'இல்லை' என்று வந்தவர்களில் 97.3 சதவீதம் பேருக்கு இல்லை என்று உறுதியானது. இருபது சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கு முடிவு இரண்டுமில்லாமல் நடுவில் நின்றது, அவர்களுக்கு ஸ்கேனோ ஊசியோதான்.

அனுமதியில் ஒரு நிபந்தனை உண்டு: 55 வயதோ அதற்கு மேலோ ஆகி, அறிகுறியும் இருப்பவர்களுக்கு மட்டும். ஏன் என்று கணக்கில் பார்க்கலாம். ஒரு பேச்சுக்கு, பரிசோதனை நூற்றுக்குத் தொண்ணூறு தடவை சரி என்று வையுங்கள். மறதியோடு வந்த 100 பேரில் 50 பேருக்கு நோய் இருந்தால், 'உண்டு' என்று வரும் 50 பேரில் 45 பேருக்கு உண்மையாகவே இருக்கும். அதே பரிசோதனையை எந்தத் தொந்தரவும் இல்லாத, நடுவயதுக்காரர்கள் 1000 பேருக்குச் செய்யுங்கள். அவர்களில் 20 பேருக்குத்தான் உண்மையில் மூளையில் படிவு இருக்கிறது என்று வைத்தால், அந்த 20-இல் 18 பேருக்கு 'உண்டு' என்று வரும், கூடவே ஒன்றுமே இல்லாத 98 பேருக்கும் 'உண்டு' என்று வரும். 116 பேர் பயந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களில் 98 பேர் வீணாக.

போதாததற்கு சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் ரத்தத்தில் இந்த டாவ் நோயில்லாமலேயே உயரும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சிறுநீரகத்தைக் கெடுத்து வைத்திருக்கும் நம் ஊருக்கு இது சின்ன விஷயம் இல்லை, ஸ்வீடனில் வகுத்த எல்லைக்கோட்டை அப்படியே இங்கே வைக்கக் கூடாது. இன்னும் ஆச்சரியம், பிறந்த குழந்தைகளின் ரத்தத்தில் பி-டாவ் 217 அல்சைமர் நோயாளிகளைவிட அதிகம் என்று 2025-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. வளரும் மூளைக்கு அது வேண்டியிருக்கிறது, குழந்தைக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. அந்தச் சின்ன மூளை இதை எப்படிச் சமாளிக்கிறது என்று தெரிந்தால் மருந்துக்கே வழி கிடைக்கலாம்.

இப்போதைக்கு லெகனிமாப், டொனனிமாப் என்ற இரண்டு மருந்துகள் அமிலாய்டை அகற்றுகின்றன. நோயை நிறுத்தவில்லை, ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்குச் சரிவைக் கொஞ்சம் மெதுவாக்குகின்றன, சிலருக்கு மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் வருகிறது. படிவு இருப்பதை உறுதி செய்யாமல் யாருக்கும் கொடுக்க முடியாது, அதற்குத்தான் இந்தப் பரிசோதனையின் அவசரம்.

தோழியிடம் நேற்று பேசினேன். உனக்கு இப்போது வேண்டாம், உன் கணக்கு அந்த 1000 பேர் கணக்கு என்றேன். அம்மாவை முதலில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். பி12, தைராய்டு, சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியேட்டினின் மூன்றையும் பார்க்கட்டும், சாப்பிடுகிற மாத்திரைகளின் பட்டியலை எடுத்துப் போகட்டும், அதிலேயே விடை கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காவிட்டால் அப்புறம் அந்த ரத்தப் பரிசோதனையைப் பற்றி மருத்துவரிடமே கேட்கலாம். வியாழக்கிழமை போகிறார்களாம். அம்மா தூக்கத்துக்கு ஏதோ ஒரு மாத்திரையை ரொம்ப நாளாகப் போடுகிறார் என்று அப்போதுதான் அவளுக்கே ஞாபகம் வந்தது.