சமுதாயக் கூடத்துக்கு ஒரு சங்கிலிக் கணக்கு

ஊருக்குப் பொதுக்கூடம் கட்ட வரைபடம் கேட்டு வருகிறவர்கள் இப்போதெல்லாம் கூடவே ஒன்றைக் கேட்கிறார்கள்: "இயற்கையின் கணிதம் அதில் தெரிய வேண்டும்." கையில் சூரியகாந்திப் பூவின் படமோ நத்தை ஓட்டின் படமோ இருக்கும். நல்ல ஆசைதான். ஆனால் பல இடங்களில் அந்தப் படம் முகப்புச் சுவரில் ஓர் அலங்காரச் சுருளாக ஏறிவிட, தலைக்கு மேல் வருவது வழக்கமான தட்டைக் காங்கிரீட் தளம்தான். சித்திரை வெயிலைப் பகலெல்லாம் வாங்கிக்கொண்டு, மாலைக் கூட்டத்தின் தலையில் இறக்குகிற தளம் அது. முகப்புச் சுருளால் அந்த வெக்கை இம்மியும் குறையாது.

நாட்டிலஸ் என்ற கடல் உயிரியின் ஓடு பொன் விகிதத்தில் (ஏறக்குறைய 1.618) சுருண்டது என்று எங்கும் எழுதுகிறார்கள். பொன் விகிதச் சுருள் ஒரு முழுச் சுற்றில் ஏறக்குறைய 6.85 மடங்கு விரியும். நாட்டிலஸ் ஓடு சுமார் 3 மடங்குதான் விரிகிறது. அந்த விகிதம் நாம் அதன்மேல் ஒட்டியது. சூரியகாந்தியின் கதை வேறு. அதில் ஒவ்வொரு புது மொட்டும் முந்தையதிலிருந்து சுமார் 137.5 பாகை விலகி முளைப்பதால் விதைகள் இடம் வீணாகாமல் நெருங்கி அமைகின்றன. 34, 55, 89 என்று, முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் வரிசையில் சுருள்களை எண்ண முடிவதும் அதனால்தான். அங்கே எண்ணுக்கு ஒரு வேலை இருக்கிறது. இங்கிலாந்தில் கார்ன்வாலின் ஈடன் திட்டம் என்ற தாவரப் பூங்காவில் 2005இல் திறந்த 'கோர்' கட்டடத்திலும் அப்படித்தான்: எதிரெதிராகச் சுழலும் மரச் சட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிச் சென்று கூரையைத் தாங்குகின்றன. அந்தச் சுருளை எடுத்துவிட்டால் கூரையே இல்லை.

நம் ஊர்ப் பணத்துக்கும் நம் கொத்தனார் கைக்கும் எட்டுகிற இயற்கைக் கணிதம் அதைவிட எளியது. ஒரு சங்கிலியை இரு முனையிலும் பிடித்துத் தொங்கவிடுங்கள். அதன் ஒவ்வொரு கண்ணியிலும் இழுவிசை மட்டுமே இருக்கும். அதே வடிவத்தைத் தலைகீழாக்கினால் அழுத்தம் மட்டுமே இருக்கும் என்பதை ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1675இல் ஓர் எழுத்துப் புதிராக வெளியிட்டார். செங்கல்லும் மண் கல்லும் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுத்தால் விட்டுவிடும். இழுவிசையே வராத வடிவத்தில் அவற்றை அடுக்கினால், இழுவிசைக்காகப் போடுகிற கம்பிக்கு அந்தக் கூரையில் வேலை இல்லை. சிமென்டும் பெருமளவு மிச்சமாகும்.

இதை வேலையிடத்தில் தாளில் விளக்குவதைவிடப் பலகையில் காட்டிவிடலாம். கூடத்தின் அகலத்தைச் சிறிய அளவில் குறித்து ஒட்டுப்பலகையில் இரண்டு ஆணி அடித்து, மெல்லிய சங்கிலியைத் தொங்கவிட்டுப் பென்சிலால் கோடு இழுப்போம். பலகையைத் திருப்பி வைத்தால் கூரை வந்துவிடும். "கம்பி இல்லாமல் எப்படி சார் நிற்கும்?" என்று கேட்கிற கொத்தனார் அதன்பின் சங்கிலியை விட்டு நகர்வதில்லை. நடுக்கண்ணி ஒன்றில் ஒரு போல்ட் நட்டை மாட்டச் சொல்வேன். மாட்டிய இடம் கீழே இழுபட, பக்கங்கள் விறைத்துக்கொள்ளும். பாரம் மாறினால் வடிவமும் மாற வேண்டும். ஆகவே கட்டி முடித்த வளைவின் மேல் நினைத்தபடி தண்ணீர்த் தொட்டி ஏற்ற முடியாது. இது எல்லோருக்கும் அங்கேயே புரிந்துவிடும். பார்சிலோனாவுக்கு அருகே கொலோனியா குவெல் தேவாலயத்துக்காகக் கட்டடக் கலைஞர் அந்தோனி கௌடியும் இப்படித்தான் நூல்களில் ஈயக்குண்டுப் பைகளைத் தொங்கவிட்டுப் பல ஆண்டுகள் வடிவம் தேடினார்.

இது பணக்கார நாட்டு விளையாட்டு அல்ல. தென்னாப்பிரிக்காவின் மப்புங்குப்வே என்ற தொல்லியல் தலத்தின் விளக்க மையத்தில் கட்டடக் கலைஞர் பீட்டர் ரிச் வடிவமைத்த வளைகூரைகளுக்கு, வேலையில்லாமல் இருந்த உள்ளூர் மக்களே சுமார் 2,00,000 மண் ஓடுகளை அழுத்திச் செய்தார்கள். 2009இல் உலகின் சிறந்த கட்டடத்துக்கான உலகக் கட்டடக்கலை விழா விருது அதற்குக் கிடைத்தது. நமக்குப் பக்கத்திலேயே ஆரோவில் மண் நிறுவனம் 5 சதவீத அளவு சிமென்ட் சேர்த்து அழுத்திய, சூளை வைக்காத மண் கற்களால் வளைவு கட்டக் கற்றுக்கொடுக்கிறது. கூலி ஊருக்குள்ளேயே தங்கும். பொதுக்கூடத்துக்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியாது.

ஆனால் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வளைவு கீழே மட்டும் அழுத்துவதில்லை, பக்கச்சுவரை வெளியேயும் தள்ளும். அகலமும் பாரமும் மாறாமல் உயரத்தைப் பாதியாகக் குறைத்தால் அந்தத் தள்ளுவிசை ஏறக்குறைய இரட்டிப்பாகும். 6 மீட்டர் அகலக் கூடத்துக்கு 3 மீட்டர் எழ வேண்டிய வளைவை, செலவு குறையும் என்று 1.5 மீட்டராகத் தாழ்த்தச் சொல்வார்கள். தாழ்த்தினால் அணைசுவரைத் தடிப்பாக்க வேண்டும், அல்லது சுவருக்குச் சுவர் இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்ட வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் உச்சியில் நீளவாக்கில் விரிசல் விழும். நிலநடுக்க அபாயம் உள்ள பகுதியில் சுவர் உச்சியில் கம்பி வைத்த காங்கிரீட் வளையம் கட்டாயம் வேண்டும். கம்பியே கூடாது என்று அங்கே பிடிவாதம் பிடிப்பது உயிரோடு விளையாடுவது.

ஒலியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வழவழப்பாகப் பூசிய வளைவு குரலை ஓரிடத்தில் குவித்து எதிரொலிக்க வைக்கும், பேச்சு குழம்பிவிடும். கூட்டம் நடத்தத்தானே கூடம்? உட்புறத்தைப் பூசாமல் கல்லின் சொரசொரப்போடு விட்டு, கடைசிச் சுவரில் துளைச்செங்கல் வைத்தால் ஓரளவு அடங்கும். அந்தத் துளைகளை உச்சிக்கு அருகே வைத்தால் மேலேறிய வெப்பக் காற்றும் வெளியேறும்.

மண் கல் அழுத்தும் வேலையைத் தை பிறந்ததும் தொடங்குங்கள். மேல்மண்ணை வழித்து ஒதுக்கிவிட்டு, அடியில் உள்ள மணற்பாங்கான மண்ணை எடுக்க வேண்டும். கல்லை ஈரம் காத்து 28 நாள் பதப்படுத்த வேண்டும். வளைவின் முதுகில் நீர்காப்புப் பூச்சு புரட்டாசிக்குள் முடிந்திருக்க வேண்டும். நாள் போதாது என்று தோன்றினால் சுவரோடு நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடிவிடுங்கள். ஐப்பசி மழை போன பிறகு வளைவைத் தொடங்கலாம்.